கம்பளிப்பூச்சியும் மரவட்டையும்: மருந்தா, துடைப்பமா, சும்மா விடுவதா?

"வீட்டைச் சுற்றி ஒரு சுற்று மருந்து அடித்துவிடுங்கள், கம்பளிப்பூச்சியும் போகும், மரவட்டையும் போகும்." மழைக்காலம் தொடங்கியதும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். நானும் கேட்டு நடந்திருக்கிறேன். மருந்து அடித்த மறுநாள் காலை செத்துச் சுருண்ட மரவட்டைகள் குப்பை முறம் கொள்ளாமல் கிடந்தன. மனசுக்குத் திருப்தியாக இருந்தது. அன்றிரவே மழை. அதற்கடுத்த நாள் அதே சுவர், அதே கூட்டம். கம்பளிப்பூச்சிகளோ நடந்தது எதுவும் தெரியாதவை போல அடுத்த கிளைக்கு நகர்ந்திருந்தன. மருந்து விழுந்தது தரையில், அவை இருந்தது மரத்தில்.

இரண்டும் ஊர்கின்றன, இரண்டும் மழையை ஒட்டிப் பெருகுகின்றன, இரண்டையும் பார்த்தால் உடம்பு கூசுகிறது. அதனால் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஆனால் ஒன்று மேலேயிருந்து இறங்குவது, மற்றது கீழேயிருந்து ஏறுவது. கம்பளிப்பூச்சிக்குப் பச்சை இலை வேண்டும், மரவட்டைக்கு அழுகிய இலை வேண்டும். கம்பளிப்பூச்சி சில வாரங்களில் கூட்டுப்புழுவாகித் தானே மறைந்துவிடும். மரவட்டை அதே மண்ணில் வருஷக்கணக்கில் குடியிருக்கும். கம்பளிப்பூச்சி விஷயத்தில் கேள்வி "எப்போது" என்பது. மரவட்டை விஷயத்தில் கேள்வி "எங்கே ஈரம்" என்பது. வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைப் பிரித்துக்கொண்டால் பாதி மருந்துச் செலவு மிச்சம்.

ஆளை அடையாளம் பார்ப்பதும் அவசியம். மரவட்டை பூச்சி இனமே அல்ல. உருண்டு நீண்ட உடம்பு, பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்கள், தொட்டால் சுருளும், கடிக்காது. பூரானுக்குத் தட்டை உடம்பு, வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், ஓட்டம் வேகம், கடிக்கும். பூரானைப் பார்த்து மரவட்டைக்கான யோசனையைக் கையாண்டால் விரல் வீங்கும்.

மரத்திலிருந்து இறங்குபவை

கம்பளிப்பூச்சிக்கு முதல் வழி சும்மா விடுவது. சோம்பேறித்தனமாகத் தோன்றினாலும் பல வீடுகளுக்கு இதுவே சரியான வழி. நன்கு வேர்விட்ட மரம் இலை முழுவதையும் இழந்தாலும் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். குயில் இனப் பறவைகளுக்கு ரோமம் மூடிய புழு ஒரு விருந்து. மற்ற பறவைகள் தொடத் தயங்குவதை இவை விழுங்கும். புழுவின் முதுகில் அரிசி அரிசியாக வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அது முட்டை என்று நினைத்து நசுக்கவேண்டாம். ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சுகள் அந்தப் புழுவைத் தின்று முடித்து வெளியே வந்து கட்டிய கூடுகள் அவை. அடுத்த தலைமுறைக் கம்பளிப்பூச்சியைக் குறைக்கப்போவது அந்தக் குளவிகள்தான்.

எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் காணும் ரோமமில்லாத புழு வேறு கதை. சின்ன வயதில் பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகும், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். அழகான பட்டாம்பூச்சியாகப் போகிறது அது. செடி சிறியதாக இருந்தால் எடுத்து வேறு செடியில் விடுங்கள், பெரியதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

சும்மா விட முடியாத இடங்களும் உண்டு. மரம் வாசலுக்கு மேல் சாய்ந்திருந்தால், துணி காயப்போடும் கொடி அதன் அடியில் இருந்தால், குழந்தைகள் அங்கே விளையாடினால், படுக்கையறை ஜன்னல் அதை ஒட்டியிருந்தால் ஏதாவது செய்தே ஆகவேண்டும். உதிர்ந்த ரோமம் துணியில் ஒட்டினாலே போதும், போட்டுக்கொண்டவருக்கு ராத்தூக்கம் போயிற்று.

இரண்டாவது வழி, எடுத்து அழிப்பது. என் ஓட்டு இதற்கே. பல கம்பளிப்பூச்சி இனங்கள் முட்டையைக் குவியலாக இடுகின்றன. பொரிந்ததும் குஞ்சுகள் ஒரே இலையில், ஒரே கொப்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்த வாரத்தில் ஒரு கொப்பை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினால் நூற்றுக்கணக்கில் போய்விடும். பத்து நாள் தள்ளிப்போட்டால் மரம் முழுக்கப் பரவிவிடும். அதே உழைப்புக்கு அதே பலன் கிடைக்காது. முருங்கையைத் தாக்கும் கம்பளிப்புழு இன்னொரு வாய்ப்பும் தருகிறது. இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் அடிமரத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். வாளியில் சோப்புத் தண்ணீர், நீளக் கைப்பிடி வைத்த பிரஷ், முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி. கால் மணி நேர வேலை.

வெறுங்கையால் மட்டும் தொடவேகூடாது. நம்முடைய கம்பளிப்பூச்சி அரிப்போடு விடும் என்ற தைரியம் எல்லா வெப்பமண்டலத்துக்கும் பொருந்தாது. தென் அமெரிக்காவில் லோனோமியா என்ற இனத்தின் புழுக்களும் இப்படித்தான் அடிமரத்தில் கூட்டமாகப் படுத்திருக்கும். அதன் முள்ளில் உள்ள நஞ்சு உடம்புக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கி ஆளையே கொல்லக்கூடியது. அதற்கென்று பிரேசிலின் புட்டான்டான் நிறுவனம் தனி முறிமருந்து தயாரிக்கிறது. பச்சையாக, கட்டையாக, முள் முள்ளாக இருக்கும் இன்னொரு வகையும் பல நாடுகளில் உண்டு. ரோமமே இல்லையே என்று தொட்டால் தீ சுட்டது போல இருக்கும்.

தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி அடிப்பது பார்ப்பதற்கு விறுவிறுப்பான வழி. புழு கீழே விழும், அரை மணியில் மறுபடி ஏறும், இடையில் ரோமம் காற்றில் பறக்கும். வேண்டாம். பந்தம் கொளுத்தி அடிமரத்துக் கூட்டத்தைப் பொசுக்குவது பழைய முறை. தோப்பில் செய்பவர்கள் செய்கிறார்கள், வேலையும் செய்கிறது. வீட்டை ஒட்டிய மரத்தில் மின்கம்பி, காய்ந்த சருகு, ஜன்னல் திரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பட்டை கருகினால் மரத்துக்கும் காயம். சோப்பு வாளி செய்யும் வேலைக்கு நெருப்பு எதற்கு?

தெளிப்பு என்று முடிவு செய்தால் மூன்று படிகள் இருக்கின்றன, அவற்றைச் சமமாகப் பார்க்கக்கூடாது.

முதல் படி வேம்பு. வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் இரவு ஊறவைத்து வடிகட்டினால் 5 சதவீதக் கரைசல். கொஞ்சம் சோப்பு கலந்தால் இலையில் ஒட்டும். இதில் உள்ள அசாடிராக்டின் புழுவின் பசியைக் கெடுத்து, தோலுரிப்பதைக் குழப்பிவிடும். உடனே செத்து விழும் என்று எதிர்பார்த்தவர்கள் மறுநாளே ஏமாந்துபோய் வேறு மருந்து வாங்கப் போகிறார்கள். வேம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், வளர்ந்த புழுவிடம் அதன் பாச்சா பலிக்காது.

இரண்டாவது படி நுண்ணுயிர் மருந்து. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. கடைகளில் சுருக்கமாக 'பி.டி.' என்பார்கள், கம்பளிப்பூச்சிக்குக் 'குர்ஸ்டாகி' என்ற ரகம் வேண்டும். ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென்று செத்ததை ஆராய்ந்த ஷிகெடானே இஷிவாடா 1901-ல் இதைக் கண்டார். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் கிடைத்த மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து 1911-ல் பிரித்தெடுத்து, பிறகு பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் பெர்லினர். புழு இலையோடு சேர்த்து இதைத் தின்னவேண்டும். அதன் குடலில் உள்ள காரத்தன்மையில் பாக்டீரியாவின் புரதம் கரைந்து குடல்சுவரைத் துளைக்கும். சில மணி நேரத்தில் மேய்ச்சல் நிற்கும், சில நாளில் சாவு. மனிதருக்கும் தேனீக்கும் தொல்லையில்லை. குறை இரண்டு. வெயிலில் சீக்கிரம் வலுவிழந்துவிடும், ஆகவே மாலையில் அடிக்கவேண்டும். பட்டாம்பூச்சிப் புழுவும் கம்பளிப்பூச்சியும் அதற்கு ஒன்றுதான். கைக்கெட்டாத உயரம், இளம் புழு, மழையில்லாத இரண்டு நாள் என்று மூன்றும் சேர்ந்தால் இதற்கு ஈடு கிடையாது. மரவட்டை மேல் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது என்பதைப் பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது படி ரசாயனம். வீடுகளில் பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. வேகமாகக் கொல்லும். ஒட்டுண்ணிக் குளவியையும் தேனீயையும் சேர்த்துக் கொல்லும். மீன் தொட்டியோ குளமோ பக்கத்தில் இருந்தால் இந்த வகை மருந்து மீனுக்கு எமன். இந்த வகையிலேயே பெர்மெத்ரின் என்றால் பூனைக்கும். இலையோ காயோ பறித்துச் சமைக்கும் மரத்தில் அடித்தால் எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் பறிக்கக்கூடாது. என் கணக்கில் இது பூச்செடிக்கோ நிழல் மரத்துக்கோ, வேறு வழியே இல்லாதபோது, ஒரு தடவை.

மருந்தை விட மருந்தடிக்கும் நேரம் முக்கியம் என்று சொல்லிவிட்டேன், ஆனாலும் இன்னொரு முறை: விரல் நீளத்துக்கு வளர்ந்து சுவரில் தனித்தனியாக அலையும் கம்பளிப்பூச்சி தின்று முடித்துக் கூடு கட்ட இடம் தேடுகிறது. அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை. ஒரு நீளத் துடைப்பம் போதும்.

ரோமம் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி அல்லது ஐஸ் ஒத்தடம். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும். கண்ணில் பட்டால் கைவைத்தியம் கூடாது; ரோமம் கண்ணுக்குள் ஊடுருவிச் செல்லக்கூடியது, கண் மருத்துவரிடம்தான் போகவேண்டும். மூச்சு இளைப்போ, முகம் வீக்கமோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவேண்டாம். செத்த புழுவின் ரோமமும், உரித்துப்போட்ட தோலும், காலிக் கூடும் இதே வேலையைச் செய்யும் என்பதால் பெருக்கும்போதும் கையுறை.

தரையிலிருந்து ஏறுபவை

மரவட்டைக்குச் சிறுவர்கள் வைத்த பெயர் ரயில் பூச்சி. மத்திய ஜப்பானின் மலைப்பகுதியில் அதை மெய்யாகவே ரயில் மரவட்டை என்று அழைக்கிறார்கள். காரணம் வேறு: எட்டு ஆண்டுக்கு ஒருமுறை லட்சக்கணக்கில் கிளம்பி, தண்டவாளத்தில் மொய்த்து, சக்கரம் வழுக்கி ரயிலை நிற்க வைத்த கதை அங்கே 1920-லிருந்தே பதிவாகியிருக்கிறது. முட்டையிலிருந்து முழு வளர்ச்சிவரை எட்டு ஆண்டு எடுத்துக்கொள்ளும் இனம் அது. உங்கள் வாசல் மரவட்டைக்கு இவ்வளவு கறாரான நாட்காட்டி இருக்காது. ஆனாலும் கூட்டம் திரள்வதும் தானே அடங்குவதும் அதன் இயல்பு. இதனால் ஒரு சிக்கல். உச்சத்தில் இருக்கும்போது உப்பு போட்டவர் உப்பால் போயிற்று என்பார், சாம்பல் போட்டவர் சாம்பலால் என்பார், மந்திரித்தவர் மந்திரத்தால் என்பார். எல்லாரும் நேர்மையாகத்தான் சொல்கிறார்கள். எதுவுமே செய்யாத வீட்டிலும் அதே வாரத்தில் அடங்கியிருக்கும்.

எனவே வழிகளை "போட்டேன், போயிற்று" என்று எடைபோடாமல், மரவட்டையின் உடம்பை வைத்து எடைபோடலாம். பூச்சிகளின் மேல்தோலில் ஈரம் காக்கும் மெழுகுப் பூச்சு உண்டு. மரவட்டைக்கு அது அவ்வளவாகக் கிடையாது. காய்ந்த இடத்தில் உடம்பின் ஈரம் வற்றிச் செத்துப்போகும். வீட்டுக்குள் வந்த மரவட்டைகள் ஓரிரு நாளில் மூலையில் சுருண்டு கிடப்பது இதனால்தான். உள்ளே அதற்குத் தீனியும் இல்லை, குடும்பம் நடத்த ஈரமும் இல்லை. வழி தவறி வந்த ஆள்.

அப்படியானால் வீட்டுக்குள் மருந்து அடிப்பது வீண். பெருக்கி அள்ளி, சோப்புத் தண்ணீரிலோ, வீட்டிலிருந்து தள்ளியுள்ள சருகுக் குவியலிலோ போடலாம். நசுக்குவது மட்டும் கூடாது. ஆபத்தில் சில இனங்கள் பென்சோகுவினோன் என்ற ரசாயனம் கலந்த திரவத்தைக் கசியவிடும். தரையிலும் விரலிலும் பழுப்புக் கறை ஏறும், நாற்றம் அடிக்கும், கண்ணில் பட்டால் கடும் எரிச்சல். வெறுங்கையால் எடுத்துவிட்டுக் கண்ணைக் கசக்குவதே பலருக்கு நேரும் ஒரே விபத்து. கபுச்சின் குரங்குகள் இந்தத் திரவத்துக்காகவே மரவட்டையைப் பிடித்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்கின்றன, கொசு அண்டாதாம். நாம் அந்த அளவுக்குப் போகவேண்டியதில்லை.

உப்பும் மண்ணெண்ணெயும் வீடுகளில் சட்டென்று கைக்கு வரும் ஆயுதங்கள். உப்பு பட்ட மரவட்டை சாகும், உப்பு இறங்கிய மண்ணில் செடியும் சாகும். மழை கரைத்ததும் பலன் போய்விடும், கெடுதல் மட்டும் மண்ணில் தங்கும். மண்ணெண்ணெய் பற்றி நீட்டவேண்டியதில்லை: நாற்றம், தீ அபாயம், நிலத்தடி நீர்.

சாம்பல், சுண்ணாம்புத் தூள், டயட்டம் மண் (நுண்பாசி ஓடுகள் படிந்து உண்டான தூள்) ஆகிய மூன்றையும் வாசல்படியில் கோடு போட்டாற்போலத் தூவச் சொல்வார்கள். மூன்றும் உலர்ந்திருக்கும்வரை வேலை செய்யும். டயட்டம் மண் மேல்தோலைக் கீறி ஈரத்தை உறிஞ்சிவிடும். மூக்கில் ஏறாமல் தூவவேண்டும், அவ்வளவே. பிரச்சினை, மரவட்டை வருவது மழையில். நனைந்ததும் மூன்றும் வெறும் சேறு. கூரைக்கு அடியில் உள்ள ஜன்னல் விளிம்பு, நடைக்கூடம், படிக்கட்டு மூலை ஆகிய இடங்களில் மட்டும் இவற்றுக்கு மதிப்பு.

ரசாயன வளையம், அதாவது சுவரடியைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்குத் தெளிப்பது, நான் ஆரம்பத்தில் ஏமாந்த வழி. அது கொல்லாமல் இல்லை, நன்றாகவே கொல்கிறது. ஆனால் தோட்டத்துச் சருகில் ஆயிரக்கணக்கில் இருப்பு இருக்கும்போது, வளையத்தைத் தாண்டும் நூறு பேரைக் கொல்வதால் என்ன குறையும்? தாண்டியவையும் உடனே சாவதில்லை, உள்ளே வந்துதான் சாகின்றன. மழை கழுவிக் கொண்டுபோனால் மறுபடி அடி. கல்யாணம், விருந்தாளி என்று நான்கு நாளைக்கு மட்டும் வாசல் சுத்தமாக இருக்கவேண்டும் என்றால் அடிக்கலாம். பருவம் முழுவதற்குமான தீர்வாக இதை விற்பவரிடம், மழை பெய்தால் இலவசமாக வந்து அடிப்பீர்களா என்று கேட்டுப்பாருங்கள்.

உண்மையான போட்டி மிச்சமுள்ள இரண்டு வழிகளுக்குள்தான்: உலர்த்துவதா, அடைப்பதா?

அடைப்பது ஒரு பகல் வேலை. கதவடியில் ரப்பர் பட்டை, குழாய் நுழையும் துளையைச் சுற்றிப் பூச்சு, குளியலறை வடிகாலுக்கு நெருக்கமான வலை, ஜன்னல் சட்ட இடுக்கில் சிலிகான். சுவரில் தண்ணீர் வடிவதற்கென்று விட்ட துளைகளைப் பூசி மூடிவிடாதீர்கள், வலை வையுங்கள். பலன் அன்றிரவே தெரியும். கதவடியில் வெளிச்சம் தெரிகிற இடைவெளி இருந்தால் மரவட்டைக்கு அது ராஜபாட்டை. வெளியே கூட்டம் குறையாது, ஆனால் உள்ளே வராது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, தோட்டம் தங்கள் கையில் இல்லாதவர்களுக்கு இதுவே முதல் வழி.

உலர்த்துவது மெதுவான வேலை, ஆனால் கூட்டத்தையே குறைப்பது அது ஒன்றுதான். சுவரிலிருந்து இரண்டடி தூரத்துக்குச் சருகும் மூடாக்கும் (செடியடி மண்ணை மூடப் பரப்பும் சருகு, வைக்கோல்) விறகும் இல்லாமல் ஒதுக்கி, அங்கே சரளைக்கல் போடலாம் அல்லது வெறும் மண்ணாக விடலாம். செடிக்கு மூடாக்கு வேண்டும்தான். இரண்டு அங்குலத்துக்கு மேல் குவிக்கவேண்டாம். தண்ணீரை மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் மண் நனைந்திருக்கும், மரவட்டை நடமாடும் நேரமும் அதுவே. காலையில் ஊற்றுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டுகிறதா, ஏசி குழாய் ஒரே இடத்தில் சொட்டுகிறதா, தொட்டி மூடி வழிகிறதா என்று ஒருமுறை சுற்றிவந்தால் கூட்டத்தின் தலைமையகம் தெரிந்துவிடும். தெரியாவிட்டால், நனைந்த சாக்குத்துணியை நான்கு இடங்களில் இரவு போட்டுவைத்துக் காலையில் புரட்டுங்கள். எதன் அடியில் கூட்டம் அதிகமோ அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம். சாக்கோடு அள்ளியும் போட்டுவிடலாம்.

அடைப்பதும் உலர்த்துவதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்று தோன்றும், உண்மைதான். ஆனால் ஒரே நாளில் ஒன்றுதான் முடியும் என்றால், மழைக்கு நடுவில் அடையுங்கள், மழைக்கு முன்னால் உலர்த்துங்கள். கொட்டும் மழையில் தோட்டத்தை உலர்த்தப் போகிறவர் நனைவதோடு சரி.

முழுக்க ஒழித்துவிட நினைக்கவேண்டாம் என்பதும் என் எண்ணம். சருகைத் தின்று மண்ணாக்கும் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிற உயிர் மரவட்டை. தோட்டத்தின் கோடியில் மக்குக்குழி இருந்தால் அங்கே அது இருக்கட்டும்.

இரண்டு தொல்லையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: மரத்தடி. மேய்ந்து முடித்த கம்பளிப்பூச்சிகளில் பல கூட்டுப்புழுவாக அந்தச் சருகுக்கும் மண்ணுக்கும் இறங்குகின்றன. மரவட்டையின் வீடும் அதுவே. வீட்டை ஒட்டிய மரமாக இருந்தால், கூட்டம் அடங்கிய பிறகு அந்த அடிமண்ணைச் சருகோடு வாரி, இரண்டு விரல்கடை ஆழம் கிளறிவிட்டால் கூட்டுப்புழு பறவைகளுக்கு இரையாகும், மரவட்டைக்கு ஈரம் போகும். அடுத்த மழை முடிந்த சில இரவுகளில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த அந்துப்பூச்சிகள் முட்டையிட வரும்போது வாசல் விளக்கை அணைத்துவிட்டு, மரத்திலிருந்து தள்ளி ஒரு விளக்கின் அடியில் அகலப் பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். கிளறும்போது கையுறையும் கண்ணாடியும் மறக்கவேண்டாம், மண்ணுக்குள்ளும் பழைய ரோமம் இருக்கும்.